தொழிலாளர் உள்ளம் அறிந்த பெருந்தகை ஜாம்செட்ஜி டாட்டா

ஆண்டு விழா மலர் என்றால் வள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரதியார் முதலியோரின் வரலாறுகளையே நம் காலனிக் குடும்பங்கள் எதிர்பார்க்கும் என்பதை நாம் அறிவோம். அவர்களைப் பற்றி எழுத நம் சங்கத்தில் புலமை மிக்கோர் பலர் உளர். பேரேடுகளோடும் எண்களோடும் நாள் கழிக்கும் இரயில்வே எழுத்தராகிய நம் உள்ளத்தில் இவ்வாண்டு நின்றது வேறொருவர் வரலாறு. அவர் தமிழர் அல்லர், பார்சி வகுப்பினர். ஆயினும், மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டில் சேமநிதிப் பிடித்தத்தைக் காணும் ஒவ்வொரு குடும்பமும், மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உற்றார் உறவினரை உடைய ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்கத் தக்க வரலாறு அது. ஆகவே அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

ஜாம்செட்ஜி 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் குஜராத்திலுள்ள நவசாரியில் பிறந்தார். அவர் முன்னோர் பார்சி சமயத்தின் குருமார். தந்தையார் நசர்வான்ஜி அக்குல மரபை விடுத்து வாணிபத்தில் இறங்கியவர். மைந்தர் இளமையிலேயே தந்தையாரைத் தொடர்ந்து பம்பாய் சென்று எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் தேறினார். அடுத்த ஆண்டே ஹாங்காங் சென்று வணிகம் கற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நம் நாட்டுப் பருத்திக்கு வந்த பெருவிலை, 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது. பம்பாயில் பல வணிக நிலையங்கள் வீழ்ந்தன; டாட்டா குடும்பமும் தப்பவில்லை. அவ்வமயம் இலண்டனில் இருந்த ஜாம்செட்ஜி, ஓடி ஒளியாது, கடன் கொடுத்தோரிடம் தாமே சென்று உள்ளதை உள்ளவாறு உரைத்தார். அவர்கள் அந்நேர்மையைக் கண்டு, கணக்குத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே சிறு சம்பளத்தில் ஒப்படைத்தனர். கடன்பட்டவரையே கணக்கனாக வைத்த இந்நிகழ்ச்சியை நம் போன்ற கணக்கர்கள் மறப்பதற்கில்லை.

1868-இல் 21,000 ரூபாய் முதலுடன் தனி வாணிபம் தொடங்கினார். மறு ஆண்டு சிஞ்ச்போக்ளியில் நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி நூற்பாலையாக்கி, இரண்டாண்டில் ஆதாயத்திற்கு விற்றார். பின்னர் லங்காஷயர் சென்று நூற்புத் தொழிலின் நுட்பங்களைக் கண்டு திரும்பினார். இவையெல்லாம் ஆற்றல் மிக்க வணிகர் பலரும் செய்யக் கூடியவையே. அவரைப் பிறரினின்றும் வேறாக்கிய வரலாறு நாகபுரியில் தொடங்குகிறது.

பம்பாயில் ஆலை வைப்பதே அந்நாள் வழக்கம். ஜாம்செட்ஜியோ பருத்தி விளையும் நிலத்தின் நடுவே, நிலக்கரிக்கும் இரயில் பாதைக்கும் அருகில் ஆலை வேண்டும் என எண்ணினார். பதினைந்து இலட்சம் ரூபாய் மூலதனத்தில் 1874-இல் கம்பெனி நிறுவி, நாகபுரியில் சதுப்பு நிலம் ஒன்றை வாங்கி மண் கொட்டி மேடாக்கத் தொடங்கினார். அவ்வூர் மார்வாரி வணிகர் ஒருவரிடம் பொருளுதவி கோரியபோது, பொன்னைக் குழியில் கொட்டி மூடுபவருக்குத் தாம் கடன் கொடுப்பதற்கில்லை என்று அவர் மறுத்தாராம். அதே வணிகர் சில ஆண்டுகள் கழித்து, டாட்டா குழியில் கொட்டியது மண்ணே, எடுத்தது பொன் என்று ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் ஆலை திறக்கப்பட்டது. அதனால் அதற்கு எம்பிரஸ் ஆலை என்று பெயர் அமைந்தது.

ஆலையின் நிருவாகத்தை ஜாம்செட்ஜி யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? நூற்பு வேலை அறியாத இரயில்வேக்காரர் ஒருவரிடம்! ஜி.ஐ.பி. இரயில்வேயில் பணியாற்றிய பெசோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரே அவர். இயந்திரத்தை அறிந்தவரை விலைக்கு அமர்த்தலாம். பல நூறு பேரை நேரந்தவறாது வேலை வாங்கத் தெரிந்தவரைப் பெறுதல் அரிது என்று கருதினார் போலும். இயந்திரப் பொறுப்புக்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் இருந்தார். நம் துறையைச் சேர்ந்த ஒருவர் அவ்வாலையை நாடறியச் செய்தார் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு; அதை இங்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொடக்க ஆண்டுகள் துயரமானவை. மலிவாக வாங்கிய இயந்திரங்கள் சரிவர ஓடவில்லை. அவற்றை மாற்ற நேர்ந்தது. அதனினும் பெருந்தொல்லை ஆட்களின் வருகை. எந்த நாளும் நூற்றுக்கு இருபதின்மர் வேலைக்கு வாராதிருத்தல் அங்கு வழக்கமாயிருந்தது. அறுவடை வந்தால் ஊருக்குப் போவர். திருமணம் வந்தால் போவர். கையில் சிறிது பணம் சேர்ந்தாலும் போவர். நீராவி இயந்திரமோ ஆள் வந்தாலும் வாராவிட்டாலும் நிலக்கரியைத் தின்று கொண்டேயிருக்கும். கதிர்கள் சும்மா சுழலும். பழகாத கை ஒன்று வந்து நின்றால் இழை அறுந்து கொண்டேயிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் இல்லாத ஆலையில் இழப்பும் ஐந்தில் ஒரு பங்கோடு நில்லாது என்பது தொழிற்சாலையில் வேலை பார்த்த எவருக்கும் விளங்கும்.

இதற்கு அக்கால ஆலை முதலாளிகள் கண்ட மருந்து அபராதம். வாராதவனுக்குக் கூலிப் பிடித்தம். மீண்டும் வாராவிடில் வெளியேற்றம். ஜாம்செட்ஜி வேறு வழியில் எண்ணினார். நிலத்தையும் ஊரையும் நம்பி வாழ்ந்த குடியானவனுக்கு ஆலை என்ன உறுதி தருகிறது? கை நசுங்கினால் யார் சோறு போடுவார்? முதுமை வந்தால் எங்கே போவான்? இவ்வினாக்களுக்கு ஆலையில் விடை இல்லாதவரை அவன் ஒரு காலை ஊரிலேயே வைத்திருப்பான். அது சோம்பல் அன்று, முன்யோசனையே. அவனுக்கு ஊர் தரும் உறுதியை ஆலை தருமானால் அவன் ஏன் போகிறான்? ஜாம்செட்ஜி இவ்வாறு எழுதி வைத்ததாக நாம் கூறவில்லை. அவர் செய்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றின் பின்னே நிற்கும் எண்ணம் இதுவாகவே நமக்குத் தோன்றுகிறது.

செய்தவை யாவை? 1886-இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். ஜெர்மனியில் பிஸ்மார்க்கு முதியோர் காப்புச் சட்டம் கொணர்ந்தது 1889-இல் என்பதை ஒப்பு நோக்குக. 1895-இல் வேலையில் காயமுற்றோருக்கு ஈட்டுத்தொகை வழங்கத் தொடங்கினார். நம் நாட்டில் அதற்குச் சட்டம் பிறந்தது 1923-இல். சேமநிதியும் வந்தது. ஆலைக்குள் பஞ்சுத் தூசும் வெக்கையும் தணியக் காற்றை ஈரப்படுத்தும் கருவிகளைப் பொருத்தினார். தீ பிடித்தால் தானே நீர் சொரியும் அமைப்பையும் வைத்தார். அந்நாளில் இந்திய ஆலைகளில் இவை புதுமை. வடிகட்டிய குடிநீர், மருந்தகம், மலிவு விலைத் தானியக் கடை ஆகியவையும் தோன்றின. வேலை பழக வரும் படித்த இளைஞர்க்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா ஒன்றும் நடந்தது. தவறாது வந்தோர்க்கும் திறம்பட உழைத்தோர்க்கும் கடிகாரம், துணி, ரொக்கம் எனப் பரிசுகள் குடும்பத்தார் காண வழங்கப்பட்டன. நம் காலனியில் இரயில்வே வாரத்தின்போது பதக்கம் பெறும் தந்தையைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையை நினைத்துக்கொண்டால், அவ்விழாவின் பயனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறிவிட வேண்டும். அவ்வாலையில் வேலை நேரம் குறைவன்று. பகலவன் எழுவது முதல் மறையும் வரை ஆலைகள் ஓடிய காலம் அது. கூலியும் பெருங்கூலி அன்று. ஜாம்செட்ஜி தருமசாலை நடத்தவில்லை. ஆதாயத்திற்கு ஆலை நடத்தினார். பங்குதாரர்க்கு நல்ல ஆதாயமும் கொடுத்தார். லங்காஷயர் இயந்திர உற்பத்தியாளர் சிலரே தயங்கிய வளையக் கதிர்களை 1880-களிலேயே தருவித்துச் சோதித்து, இந்தியாவில் முன்னோடியாக ஓடவிட்டார். அப்புதிய கதிர்கள் விரைந்து சுழல்பவை; அவற்றை ஓட்ட நிலையான, தேர்ந்த கைகள் வேண்டும். நாள்தோறும் ஆள் மாறும் ஆலையில் அவை பயன் தரா. ஆதலின் இயந்திரத்தின் சிறப்பையும் ஓய்வூதிய நிதியையும் இருவேறு கதைகளாகச் சொல்வது பொருந்தாது. நல்ல இயந்திரம் நிலையான ஆளை வேண்டிற்று. நிலையான ஆள் நாளைக்கு உறுதி வேண்டினான். எம்பிரஸ் ஆலை வளர்ந்தது இவ்விரண்டும் கூடியதால்.

இதே பாடத்தை அமெரிக்கர் பின்னரே கற்றனர். டெட்ராய்ட் நகரில் ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலை 1913-இல் ஏறத்தாழ 14,000 இடங்களை நிரப்பி வைக்க 50,000-க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க நேர்ந்தது. வந்தவர் வந்த வேகத்தில் ஓடினர். 1914 சனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்றும் எட்டு மணி வேலை என்றும் அறிவித்த பின்னரே அவ்வோட்டம் நின்றது. நாகபுரியில் ஓய்வூதிய நிதி தோன்றி அப்பொழுது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1886-இல் குர்லாவில் நலிந்து கிடந்த தரம்சி ஆலையை வாங்கிச் சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். அது அவரைப் பெரிதும் வாட்டியது. அதைத் தூக்கி நிறுத்தத் தம் சொந்தப் பொருளையும் இட நேர்ந்தது. நாகபுரியில் பழகிய ஆட்கள் சிலரை அங்கு வருவித்தும் பல ஆண்டுகள் போராடியே அதை நிலைநிறுத்தினார்.

அவர் கண்ட பெருங்கனவுகள் மூன்று: இரும்பாலை, நீர்மின் நிலையம், அறிவியல் கழகம். பம்பாயில் தாஜ்மகால் ஓட்டல் மட்டுமே 1903 டிசம்பரில் அவர் கண்முன் திறக்கப்பட்டது. மேனாட்டில் உயர்கல்வி பெற விழையும் மாணவர்க்கு 1892-இல் அவர் வைத்த நிதி பலரை உயர்த்தியது. நம் கேரள மண்ணில் எளிய குடியிற் பிறந்து பின்னர்க் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் அவர்கள் இலண்டனில் பயில டாட்டா உதவித் தொகையே துணை செய்தது. பெங்களூர் அறிவியல் கழகம் 1909-இல் நிறுவப்பெற்றபோது ஜாம்செட்ஜி உயிருடன் இல்லை. 1904-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் ஜெர்மனியில் பாட் நௌகைம் என்னும் ஊரில் அவர் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவதற்கு இரண்டாண்டுகள் முன், 1902-இல், தம் மூத்த மைந்தர் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். இரும்பாலைக்கு இடமே அதுகாறும் முடிவாகவில்லை. ஆயினும் அங்கு வாழப்போகும் தொழிலாளரின் நகருக்கு அகன்ற தெருக்களும் விரைந்து வளரும் நிழல் மரங்களும் பூங்காக்களும் பந்தாட்டத் திடல்களும் வேண்டும் என்றும், இந்து, முகமதிய, கிறித்துவ வழிபாட்டிடங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் அதில் பணித்திருந்தார். உலை எழுமுன் உலைக்களத்தில் நிற்பவன் வீட்டு வாசல் மரத்தை எண்ணிய அவ்வுள்ளத்தை நாம் வியக்கிறோம்.

சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்து 1912-இல் எஃகு வார்த்தது. எட்டு மணி வேலை அவ்வாண்டே அங்கு வந்தது. 1915-இல் இலவச மருத்துவம், 1920-இல் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் சேமநிதியும், 1928-இல் மகப்பேற்று உதவி, 1934-இல் ஆதாயப் பங்கு, 1937-இல் பணிக்கொடை எனத் தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான சேமநிதிச் சட்டம் 1952-இல் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1972-இல். இவற்றைப் படிக்கும்போது எல்லாம் முதலாளியின் கருணையாலேயே வந்தன என எண்ணிவிடலாகாது. 1920-இலும் 1922-இலும் 1928-இலும் அங்குப் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. சுபாஷ் சந்திர போஸ் அத்தொழிலாளர் சங்கத்திற்குத் தலைமை ஏற்றார். நிறுவியவரின் எண்ணம் ஒருபுறமும் தொழிலாளரின் கேள்வி மறுபுறமும் நின்று இழுத்ததாலேயே வண்டி நகர்ந்தது. 1919-இல் சாக்சி ஜாம்செட்பூர் ஆயிற்று. காளிமாட்டி நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. எர்ணாகுளத்திற்கும் டாட்டாநகருக்கும் ஓடும் வண்டி நம் பாலக்காடு சந்திப்பில் நிற்கக் காண்போர் பலர், அப்பெயரின் வரலாற்றை அறியார்.

எம்பிரஸ் ஆலையோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிப் பின் நலிந்து மூடப்பட்டது. நல்லேற்பாடுகள் இருந்தால் ஆலை எந்நாளும் வாழும் என்பதற்கில்லை. துணி வாணிபத்தின் காற்று மாறியபோது பம்பாயிலும் கோவையிலும் பல ஆலைகள் வீழ்ந்தன.

இனி நம் பக்கத்து மலைக்கு வருவோம். 1877-இல் எம்பிரஸ் ஆலை திறக்கப்பட்ட அதே ஆண்டில், ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளையர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் கங்காணிமார் வழியே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம்மவர் போடி மலையேறிச் சென்று காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கினர். தேயிலையை இறக்க மலைமேல் ஓடிய சிறு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோயிற்று. அதன் கதை தனியே எழுதத் தக்கது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. 1964-இல் டாட்டா-பின்லே கூட்டுறவு தொடங்கி, 1983-இல் அது டாட்டா டீ ஆயிற்று.

2005 ஏப்ரலில் டாட்டா டீ அத்தோட்டங்களின் நிருவாகத்திலிருந்து விலகியபோது புதுமையான ஏற்பாடு ஒன்று நிகழ்ந்தது. தோட்டங்களை ஏற்ற புதிய கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஊழியர்களின் கைக்கு வந்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணும் பங்குதாரர் ஆனார். தேயிலை விலை வீழ்ந்து இடுக்கியின் வேறு பல தோட்டங்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. இத்தோட்டங்களோ தொடர்ந்து இயங்கி ஆதாயமும் காட்டின. பங்கு உடையவள் பறிக்கும் கொழுந்து வேறு என்று பலரும் பாராட்டினர்.

பத்தாண்டு கழிந்தது. 2015-இல் ஆதாயம் குறைந்தது என்று கூறி, நூற்றுக்கு இருபதாக இருந்த போனசைப் பத்தாகக் குறைத்தனர். செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள், கூடைகளை இறக்கி வைத்துவிட்டு மூணாறு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். எந்தச் சங்கத் தலைவரையும் அருகில் அண்டவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று அவ்வெழுச்சி பெயர் பெற்றது. பங்குதாரர் என்ற பெயர் இருந்தும், அடுப்பெரிவதற்கு உதவியது போனசும் நாட்கூலியுமே என்பதை அவர்கள் ஒன்பது நாளில் உலகறியச் செய்தனர். போனசும் கருணைத் தொகையும் சேர்ந்து இருபது விழுக்காடு கிடைத்தது. அக்டோபரில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டது 500.

நம் துறையிலும் இக்கேள்வி உண்டு. 1957 நவம்பர் 16 முதல் இரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் வந்தது. நம் தந்தையர் தலைமுறை அந்நிழலில் வாழ்ந்தது. 2004 சனவரி முதல் நாளுக்குப் பின் சேர்ந்த நம் போன்றோர்க்குச் சந்தையோடு ஏறி இறங்கும் புதிய திட்டம் வாய்த்தது. 2025 ஏப்ரல் முதல் உறுதி ஓய்வூதியம் தரும் ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றையும் தெரிந்தெடுத்துக்கொள்ள வழி செய்துள்ளனர். எதைத் தெரிவது என்று நம் காலனி வீடுகளில் இரவெல்லாம் கணக்குப் போட்டோர் பலர். அக்கணக்கில் அமர்ந்திருந்த இரவுகளில்தான் 1886-ஆம் ஆண்டு நாகபுரியின் நெசவாளன் நம் நினைவுக்கு வந்தான்.

மலையில் இருப்போர்க்கு அக்கணக்கும் இல்லை. அவர்களுக்குச் சேமநிதி உண்டு, பணிக்கொடை உண்டு. வீடு மட்டும் வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ தோட்டத்தில் பெயர் பதிந்தால் அதே வீட்டில் இருக்கலாம். இல்லையேல் முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த தாய், போடிக்கோ கம்பத்திற்கோ, மலையிறங்கி வந்து வாடகை வீடு தேட வேண்டும்.